மூன்றா, ஐந்தா, வருஷா வருஷமா? கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை

கேள்வி, 2.3.2025

எனக்கு 36 வயது. கோவையில் நான் பார்க்கும் டாக்டர் வருஷா வருஷம் பேப் ஸ்மியர் எடுக்கச் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனாரோ, "எனக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான். நீ எதுக்குப் போய்ப் போய்க் காசைக் கரைக்கிற?" என்கிறாள். யார் சொல்வது சரி?

2.3.2025, இரவு

அவர்கள் இரண்டு பேரும் பேசுவது ஒரே பரிசோதனையைப் பற்றி இல்லை. பேப் ஸ்மியர் என்பது கர்ப்பப்பை வாயிலிருந்து கொஞ்சம் செல்லைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. சிங்கப்பூரில் 2019 முதல் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு எடுப்பது எச்பிவி பரிசோதனை. செல் கெட்டிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, செல்லைக் கெடுக்கக்கூடிய வைரஸ் அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறது. பேப் என்றால் மூன்று வருஷம். எச்பிவி என்றால் ஐந்து. வருஷா வருஷம் என்பது இரண்டுக்குமே இல்லை.

நான் டாக்டர் இல்லை. ஒட்டன்சத்திரத்தில் உரக்கடை, வயது 43. மாஸ்டர் செக்கப்போடு சேர்த்து ஆறு வருஷம் விடாமல் பேப் எடுத்தவள். ஃபைலில் ஆறு ரிப்போர்ட் இருக்கிறது. தேதியைத் தவிர ஆறும் ஒன்றுதான்.

3.3.2025

"அடிக்கடி பார்த்தால் நல்லதுதானே, என்ன நஷ்டம்?" என்று கேட்டவருக்கு.

எங்கள் கடைக்குத் தினமும் நாலு பேர் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள். இலையில் ஒரு புள்ளி. "மருந்து குடுங்க." பாதிப் புள்ளி தானாகப் போய்விடும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் புள்ளியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனசு வராது. அடிப்பார்கள். பல நேரம் செடி வாடுவது அடித்த மருந்தால்தான்.

இங்கேயும் அதே கதை. எச்பிவி தொற்று பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷத்தில் உடம்பே விரட்டிவிடும். போகாமல் தங்குகிற கொஞ்சம் பேருக்குத்தான் செல் மாற ஆரம்பிக்கும். அதிலும் புற்றுநோய் என்று ஆக பத்து, பதினைந்து, இருபது வருஷம்கூடப் பிடிக்கும். இவ்வளவு மெதுவாக நடக்கிற ஒன்றை வருஷா வருஷம் எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது முக்கால்வாசி வந்து போகிற புள்ளிதான். பார்த்துவிட்டால் சும்மா விடமாட்டார்கள். கால்போஸ்கோபி என்று பெரிதாக்கிப் பார்ப்பது, சதைத் துண்டு எடுப்பது, சில நேரம் கர்ப்பப்பை வாயில் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பது. வெட்டுகிற சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அப்புறம் கர்ப்பமானால் குறைமாதப் பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது. இருபது, இருபத்தைந்து வயசுப் பெண்களை இந்த மேசையில் ஏற்ற வேண்டாம் என்று பல நாடுகளில் சொல்வது இதனால்தான்.

நம் டாக்டர்கள் வருஷா வருஷம் சொல்வதற்குப் பேராசை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. செக்கப் பேக்கேஜ் வருஷத்துக்கு ஒன்று, பேப் அதற்குள் ஒரு வரி. அவ்வளவுதான்.

9.3.2025

என் கதையைக் கேட்டார்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

போன செப்டம்பரில் பேக்கேஜில் எச்பிவியும் சேர்த்திருந்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் கூடுதல். பேப் வழக்கம்போல நார்மல். எச்பிவி பாசிட்டிவ். வைரஸில் 16, 18 என்ற வகைகள் இரண்டும் இல்லை, "மற்ற அபாய வகை" என்று போட்டிருந்தது. இந்த 16-ம் 18-ம்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் என்பதெல்லாம் அப்புறம் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது "பாசிட்டிவ்" மட்டும்தான்.

அங்கே இருந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டியபடியே, "ரெண்டு பிள்ளைங்க இருக்குல்ல? பேசாம கர்ப்பப்பைய எடுத்துருங்களேன், தொல்லை விட்டுது" என்றார். உடைந்த பக்கெட்டைத் தூக்கிப் போடச் சொல்வது மாதிரி. நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பயம் அப்படி. திண்டுக்கல்லில் இன்னொரு டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று இழுத்துப் போனது வீட்டுக்காரர்தான். அந்தம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சு இதே டெஸ்ட்ட திரும்ப எடுங்க" என்று முடித்துவிட்டார்.

அது இல்லை கதை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் ஃபோனில் எதையோ படித்துக்கொண்டு வந்தார். ரெட்டியார்சத்திரம் வந்ததும் கேட்டார், "இது உடலுறவுல பரவுற கிருமின்னு போட்டிருக்கே?" வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவரைப் பற்றி. கல்யாணமாகி இருபது வருஷம். நாலு நாள் கடையில் கணக்கு மட்டும் பேசினோம்.

அஞ்சாம் நாள் நானே அந்த டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எப்ப வந்துச்சு, யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. வருஷக்கணக்கா உள்ளயே அடங்கிக் கிடந்துட்டு இப்ப தலைகாட்டலாம். கல்யாணம் ஆனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்து போயிருக்கும். நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவருக்கும் கேட்கட்டும் என்றுதான்.

எச்பிவி நல்ல பரிசோதனை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதை எடுக்கச் சொல்கிறவர்கள் இந்த ஒரு பத்தியைப் பரிசோதனைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட் வந்த பிறகு சொன்னால் சமாதானம் மாதிரிக் கேட்கிறது.

10.3.2025

தனிமடலில் கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்து: இல்லை, விவாகரத்து ஆகவில்லை.

10.3.2025, சாயங்காலம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் "வினிகர் வைத்துப் பார்த்தார்கள், அது நிஜமான டெஸ்ட்டா?" என்று கேள்வி. நிஜமானதுதான். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். மாறிய செல் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். விஐஏ என்பது இதன் பெயர். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரும் ஏறத்தாழ அதே அடர்த்திதான், அதற்காக வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். ரிசல்ட் அங்கேயே தெரிந்துவிடும், லேப் வேண்டாம், திரும்ப வர வேண்டாம். காசும் இல்லை. பார்க்கிறவர் கண்ணை நம்பியது என்பதுதான் குறை. இந்தியாவில் 2016-இல் மத்திய அரசு போட்ட வழிமுறைப்படி 30 முதல் 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இதுதான்.

21.3.2025

இந்த விஐஏ உயிரைக் காப்பாற்றும் என்று முதலில் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானது எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. யாருக்காவது தெரியுமா? எனக்கே போன மாதம்தான் தெரியும். அம்பிளிக்கை கிறிஸ்தவ ஆஸ்பத்திரி, அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்ஸில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் எல்லாம் சேர்ந்து செய்தது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். 2000-இலிருந்து 2003 வரை நர்ஸ்கள் ஊர் ஊராகப் போய் 31 ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளையாகத் தெரிந்தால் பல பேருக்கு அங்கேயே உறைய வைத்துச் சிகிச்சை. பார்த்தது ஒரே ஒரு தடவை. ஏழு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தால் புற்றுநோய் வருவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. 2007-இல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வெளியானது.

வாழ்நாளில் ஒரே தடவை, அதுவும் பஞ்சும் வினிகரும். நாம் இங்கே மூன்றா ஐந்தா என்று அடித்துக்கொள்கிறோம்.

அம்மாவும் அதில் ஒருத்தி. நான் காலேஜ் படிக்கும்போது ஜீப்பில் நர்ஸம்மாக்கள் வந்ததும் அம்மா போய் வந்ததும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

24.3.2025

மேலே எழுதியதில் விஐஏவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொடி பிடித்துவிட்டேன். மகாராஷ்டிராவில் உஸ்மானாபாத் மாவட்டத்தில், இப்போது தாராசிவ் என்கிறார்கள், இன்னும் பெரிய ஆய்வு நடந்தது. 1,31,746 பெண்கள், நாலு பிரிவு: எச்பிவி, பேப், விஐஏ, ஒன்றும் செய்யாமல் விட்டது. எட்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு எச்பிவி பரிசோதனை சாவைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்திருந்தது. பேப்பும் விஐஏவும் ஒரே தடவையில் சொல்லிக்கொள்ளும்படி குறைக்கவில்லை. திண்டுக்கல்லில் வேலை செய்த வினிகர் அங்கே ஏன் செய்யவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மும்பை குடிசைப் பகுதிகளில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாக நாலு சுற்று விஐஏ பார்த்ததில் சாவு 31 சதவீதம் குறைந்தது.

உஸ்மானாபாத்தில் என்னை நிறுத்திய விஷயம் இன்னொன்று. எச்பிவி நெகட்டிவ் என்று வந்த பெண்களில் அந்த எட்டு வருஷத்தில் ஒருவர்கூட இந்தப் புற்றுநோயில் சாகவில்லை. ஐந்து வருஷம் காத்திருக்கச் சொல்லும் தைரியம் இதிலிருந்து வருவதுதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஐந்து முதல் பத்து வருஷம் வரைகூட விடலாம் என்றது.

14.4.2025

திருத்தம். 21.3 அன்று அம்மாவைப் பற்றி எழுதியது தப்பு.

இன்று வருஷப் பிறப்பு, எல்லாரும் அம்மா வீட்டில். மாங்காய்ப் பச்சடிக்கு நறுக்கிக்கொண்டே கேட்டேன், "அன்னைக்கு அந்த நர்ஸம்மா வந்தப்ப உனக்கு என்ன சொன்னாங்க?" அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது கண்ணு கேம்ப்புடி. கண்ணாடி குடுத்தாங்களே. நீ சொல்றது பக்கத்துப் பஞ்சாயத்துல. உங்க பெரியம்மா போயிட்டு வந்தா. நம்ம ஊருக்கு ஒருத்தரும் வரல."

கண்ணாடி. ஆமாம். கறுப்புச் சட்டம் போட்டது.

15.4.2025

ராத்திரி அந்தத் திண்டுக்கல் ஆய்வுக் கட்டுரையைத் திரும்பத் தேடி எடுத்தேன். 114 ஊர்த் தொகுதிகள், குலுக்கல் முறையில் பிரித்திருக்கிறார்கள். 57-இல் பரிசோதனை. 57-இல் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். அந்த இரண்டாவது 57-இல் 30,958 பெண்கள்.

எங்கள் ஊர் அதில் வருகிறதா, ஆய்விலேயே இல்லாத ஊரா என்று கட்டுரையில் ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. 35 சதவீதம் குறைந்தது என்றால் எதைவிடக் குறைந்தது என்று நான் முதலில் படித்தபோது யோசிக்கவே இல்லை. இந்த மாதிரி ஆய்வுகளைப் பற்றி, ஒரு பக்கத்துப் பெண்களை அப்படியே விட்டது சரியா என்று மருத்துவப் பத்திரிகைகளிலேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது. செய்தவர்கள் பக்கம் சொல்வது: அன்றைக்கு இந்தியாவில் எந்தப் பெண்ணுக்கும் இது கிடைக்கவில்லை, வழக்கமான வசதி என்பதே ஒன்றும் இல்லை என்பதுதான், நிரூபித்தால்தான் அரசாங்கம் எடுத்துச் செய்யும். அதுவும் நடந்தது. 2007-இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோட்டம் தொடங்கி, 2012 வாக்கில் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது.

இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் பெரியம்மாவுக்குக் கிடைத்து அம்மாவுக்குக் கிடைக்காததற்கு நடுவில் ஒரு வாய்க்கால்தான் இருக்கிறது.

2.5.2025

"வருஷா வருஷம் என்பது யார் கண்டுபிடித்தது?" அமெரிக்கப் பழக்கம். பேப் என்பதே பாப்பனிகொலாவ் என்ற கிரேக்க நாட்டு டாக்டரின் பெயரின் தலைப்பகுதி. நியூயார்க்கில் கினிப் பன்றிகளை வைத்துத் தொடங்கி, அப்புறம் மனிதர்களுக்கு வந்தார். 1928-இல் சொன்னபோது யாரும் கண்டுகொள்ளவில்லை, 1940-களில்தான் பேர் வந்தது. ஆராய்ச்சிக்கு மாதிரி கொடுத்தது அவர் மனைவி ஆந்த்ரோமாக்கி, அதுவும் ஆண்டுக்கணக்கில். வருஷத்துக்கு ஒரு தடவைக்கே நாம் முகம் சுளிக்கிறோம்.

அமெரிக்காவிலேயே 2012-இல் வருஷா வருஷம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பழக்கம் கப்பலேறி இங்கே வந்தது, அங்கே விட்ட சேதி இன்னும் வந்து சேரவில்லை.

7.7.2025

இங்கிலாந்தும் ஐந்துக்கு வந்துவிட்டது. இதுவரை 25 முதல் 49 வயதுக்காரர்களுக்கு மூன்று வருஷம். இந்த மாதத்திலிருந்து எச்பிவி நெகட்டிவ் என்றால் ஐந்து. "செலவை மிச்சம் பிடிக்கிறார்கள்" என்று அங்கே ஒரே கூச்சலாம். ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பரில் பேப்பை நிறுத்தி, இரண்டு வருஷத்தை ஐந்தாக்கியபோதும் இதே கூச்சல்தான். 2022-இலிருந்து அங்கே எல்லாருக்கும் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. எச்பிவிக்கு வைரஸ் கிடைத்தால் போதும், அதற்கு உள்ளே விரித்துப் பார்க்கிற ஸ்பெக்குலம் வேண்டாம். நம்மூர்ப் பெண்களில் பாதிப் பேர் போகாததே அந்த இரும்புக்காகத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: அங்கே 1996-இலிருந்து சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, 35 வயதில் ஒன்று, 45 வயதில் ஒன்று. வயதைச் சொன்னால் ஞாபகம் இருக்கும், "எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை" என்றால் கடைசி எப்போது என்பதே மறந்துபோகும் என்கிறார். நல்ல பாயிண்ட். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வைத்த இலக்கும் 35-க்குள் ஒன்று, 45-க்குள் இன்னொன்று, 70 சதவீதப் பெண்களுக்கு. நாம்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி ஒரு தடவையாவது பார்த்துக்கொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. நாட்டிலேயே முன்வரிசை என்று மார்தட்டிக்கொள்ளலாம்.

8.7.2025

சில்லறைக் கேள்விகள், மொத்தமாக.

கர்ப்பப்பை எடுத்தவர்கள்: வாயோடு சேர்த்து எடுத்தார்களா, மேல்பகுதியை மட்டும் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். வாய் இருந்தால் பரிசோதனை உண்டு. புற்றுநோய்த் தொந்தரவு எதுவும் இல்லாமல் முழுசாக எடுத்திருந்தால் வேண்டாம்.

தடுப்பூசி போட்டவர்கள்: உண்டு. ஊசி எல்லா வகையையும் தடுப்பதில்லை.

எச்ஐவி உள்ளவர்கள்: 25 வயதிலேயே ஆரம்பிக்க வேண்டும், மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. அவர்களுக்கு நோய் வேகமாக முற்றும்.

உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், தீட்டு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்: இதற்கெல்லாம் வருஷக் கணக்கே கிடையாது. "போன வருஷம்தான் நார்மல்னு வந்துச்சு" என்று உட்கார்ந்திருக்காமல் நாளைக்கே போங்கள். பரிசோதனை என்பது ஒன்றும் இல்லாதவர்களுக்கு.

14.9.2025

ஒரு வருஷம் முடிந்து போன வாரம் எச்பிவி எடுத்தேன். இன்று ரிப்போர்ட். நெகட்டிவ். போய்விட்டது.

ஒன்றும் செய்யவில்லை. ஒரு மாத்திரைகூட இல்லை. அன்றைக்கு எடுத்துப் போட்டிருந்தால் கர்ப்பப்பை போயிருக்கும், "நல்ல வேளை எடுத்துட்டோம்" என்று இன்றைக்கு ஊருக்கே உபதேசம் செய்துகொண்டிருப்பேன்.

"அப்ப இனி எனக்கும் அஞ்சு வருஷமா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "உங்களுக்கு மூணு." பாசிட்டிவ் வந்து போனவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு தடவை பார்ப்பார்களாம். ஆறு மாதமாக இங்கே ஐந்து ஐந்து என்று கத்தியவளுக்குக் கிடைத்தது மூன்று.

வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். "நெகட்டிவ்னா நல்லதுதானே?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

30.9.2025

"50 வயதோடு நிறுத்திவிடலாம் என்கிறார்களே, அம்மா மாமியாரையெல்லாம் விட்டுவிடலாமா?" என்ற கேள்விக்கு நேற்று "விடலாம்" என்று அவசரத்தில் எழுதினேன். அழித்துவிட்டேன், படித்தவர்கள் மறந்துவிடவும். 50-க்கு மேல் நிறுத்தலாம் என்பது ஒழுங்காகப் பார்த்து, கடைசி இரண்டு முறையும் நெகட்டிவ் வந்தவர்களுக்கு. ஒரு தடவைகூடப் பார்க்காதவர்களுக்கு நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அவர்களுக்கு வினிகர் சரிப்படாது. தீட்டு நின்ற பிறகு, மாற்றம் நடக்கிற இடம் உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியில் தெரியாது. பேப் அல்லது எச்பிவிதான்.

எழுதி முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். அம்மாவுக்கு 67.

2.11.2025

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மாதச் சண்டை. "எனக்கு ஒண்ணும் இல்லாதப்ப எதுக்குடி காட்டணும்?" இதற்கு என்னிடம் எட்டு மாதம் எழுதிச் சேர்த்த பதில் இருந்தது, எதுவும் வாயில் வரவில்லை. கடைசியில் பெரியம்மாதான் ஃபோனில், "நான் அன்னைக்கே காட்டிட்டேன், ஒரு நிமிசம்தாண்டி, நீ போ" என்றாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சொன்னதும் கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எச்பிவி கிட் இல்லை. பேப்தான். நர்ஸ் சின்னப் பெண், சீட்டு எழுதிக்கொண்டே கேட்டாள், "கடைசியா எப்பம்மா எடுத்தீங்க?" அம்மா என்னைப் பார்த்தாள். நான் கண் கேம்ப்பை நினைத்துக்கொண்டேன்.

23.11.2025

ரிப்போர்ட் வந்தது. "மாதிரி போதவில்லை. மீண்டும் எடுக்கவும்." வயதானவர்களுக்கு உள்ளே வறண்டிருப்பதால் இப்படி ஆவது உண்டாம். ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் தடவிவிட்டு ஜனவரி கடைசியில் திரும்ப வரச் சொன்னார்கள்.

"இப்ப எத்தனை வருஷத்துக்கு ஒருக்க வரணுமாம்?" என்று அம்மா கேட்டாள்.

ரெண்டு மாசம் என்றேன்.